திறப்பு எண்ணும் பத்திநாதர்

முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் பலகையில் தொங்குகிற திறப்புகளை, அறைச் சாவிகளை, எண்ணி முடிக்காமல் பத்திநாதர் வேலைக்கு இறங்குவதில்லை. காலை ஏழு மணிக்குத் திறப்பு தொங்கினால் அந்த அறையில் ஆள் இல்லை. ஆள் இருந்தால் திறப்பும் அவரோடு மேலே இருக்கும். நூற்றெண்பது அறை கொண்ட ஹோட்டல் அது. இருபது தொங்கினால் பத்திநாதரின் முகம் தெளிந்திருக்கும். நாற்பதைத் தாண்டினால் முதலிலிருந்து இன்னொருமுறை எண்ணுவார். சலவைப் பகுதி ஆட்கள் முன்மண்டபத்தில் கால் வைக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் மேசைக்காரனிடம் மாதம் இரண்டு தரமாவது ஏச்சு வாங்குவார். "பார்தோன், பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்டுக் குனிந்துகொண்டே மிச்சத்தையும் எண்ணிவிட்டுத்தான் நகருவார்.

வயது நாற்பத்தாறு. மெலிந்த உடம்பு, ஒட்ட வெட்டிய மீசை, எந்தக் குளிரிலும் மடிப்புக் குலையாத காற்சட்டை. நடந்தால் சத்தம் வராது. இருபது வருடம் உல்லாசப் பயணிகளின் அறைகளுக்கு வெளியே நடந்து பழகிய கால்கள் அவை. மொன்ட்ரியாலின் வில்லரேப் பகுதியில் தன் சொந்த வீட்டுக் குளியலறைக் கதவைக்கூட விரல் கணுவால் மூன்று தரம் தட்டி, ஒரு கணம் பொறுத்துத்தான் திறப்பார். உள்ளே ஒருவரும் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். "பழக்கம் விடுதில்லை" என்பார், வெட்கப்படாமல்.

மொன்ட்ரியாலுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. நகரின் நடுவிலுள்ள அந்த ஹோட்டலில் அழுக்கு விரிப்புகளைச் சேர்த்து வண்டிலில் தள்ளிக்கொண்டு போவதும், வெளுத்து வந்த விரிப்புகளை மாடி மாடியாகப் பங்கிடுவதும் அவர் வேலை. நிரந்தர வேலை, தொழிற்சங்கம் உள்ள வேலை. அகதியாக வந்தவனுக்கு இது கிடைப்பதே பெரிய காரியம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். பத்திநாதரோ சனிக்கிழமைகளில் சென்ட் லோரன்டில் ஒரு மட்டைப்பெட்டித் தொழிற்சாலையிலும் போய் நிற்கிறார். உடம்பு கேட்காது, சனியாவது ஓய்வெடுங்கள் என்று சொன்னால் பதில் ஆயத்தமாக இருக்கும்: "ஹோட்டலுக்கு ஆக்கள் வராமல் விடலாம். பெட்டி இல்லாமல் ஒருத்தரும் சீவிக்கேலாது."

அவர் வீட்டு அலுமாரியைத் திறந்து பார்த்தவர்கள் சிரிப்பார்கள். குளிருடுப்புத் தொங்கவேண்டிய இடத்தில் அரிசி மூட்டை, மா, பருப்பு, மீன் டின். குளிருடுப்புகள் கதிரை முதுகில் கிடக்கும். திறப்பு நாற்பதைத் தாண்டிய நாட்களில் வேலை முடிந்து வரும்போது கையில் கட்டாயம் ஏதாவது ஒரு மூட்டை இருக்கும். அதைத் தோளில் வைத்துக்கொண்டு, பனியில் வழுக்கும் அந்த வெளியிரும்புப் படிகளில் ஏறி வருவதைப் பார்த்த பக்கத்து வீட்டுக் கிழவி, இந்த ஆள் சண்டைக்கு ஆயத்தப்படுத்துகிறாரா என்று ஒருமுறை கேட்டிருக்கிறாள். வில்லரேத் தமிழர் அவருக்கு வைத்த பெயர் திறப்பு அண்ணை. முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபிக்க மாட்டார்.

சிரிப்பவர்களுக்கு விஷயம் தெரியாது. திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிப் பக்கத்தில், பத்திநாதர் ஒரு காலத்தில் பெரிய ஆள். கடற்கரை ஹோட்டலில் அறைகளுக்குப் பொறுப்பாளர். சாரமுடுத்த ஊருக்குள் வெள்ளைக் காற்சட்டையோடு சைக்கிளில் வருவார். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை ஜேர்மன்காரரும் சுவீடன்காரரும் அந்த வெண்மணலில் கிடந்து வேகுவார்கள். மாரி வந்து கடல் கொந்தளித்தால் ஹோட்டல் பெடியன்கள் பஸ் ஏறித் தெற்குக் கரைக்குப் போய், அங்கே தொடங்குகிற பருவத்தில் வேலை செய்துவிட்டுச் சித்திரைக்குத் திரும்புவார்கள். வருடம் முழுக்க விருந்தாளி, வருடம் முழுக்கச் சம்பளம். இதைவிடச் சுகமான சீவியம் உலகத்தில் உண்டா என்று பத்திநாதர் பார்க்கிறவரிடமெல்லாம் கேட்டார்.

கேட்டதோடு நிற்கவில்லை, ஊரையே கிளப்பிவிட்டார். மீன்பிடி வள்ளத்துக்கு அடியில் கண்ணாடி போட்டு, புறாமலைத் தீவுக்கு ஆள் ஏற்றலாம் என்று சொன்னவர் அவர். வெங்காயத் தோட்டத் தறைகளை மட்டப்படுத்தி அறை கட்டலாம் என்று காட்டிக்கொடுத்தவரும் அவரே. தானே முதலில் இரண்டு அறை கட்டினார். ஐந்தாறு வருடத்தில் ஊரின் முட்டை முழுவதும் ஹோட்டல் குசினிக்குப் போனது. நல்ல மீனும் அங்கேதான் போனது. பிடித்தவன் வீட்டில் டின் மீன் கறி. அதைக்கூட ஊர்ச்சனம் பெருமையாகத்தான் சொன்னது.

எண்பத்து மூன்று ஆடியில் எல்லாம் ஒரு கிழமைக்குள் முடிந்தது. கலவரம் தொடங்கிய மூன்றாம் நாள் கடைசி வெள்ளைக்காரக் குடும்பம் ஈரத் துவாயைக் கொடியில் விட்டுவிட்டு விமான நிலையத்துக்கு ஓடியது. தெற்குக்குப் போகிற பஸ்ஸில் தமிழன் இனி ஏற முடியாது. முகாமையாளரின் கட்டளைப்படி பத்திநாதர் பதினொரு நாள், ஒருவரும் படுக்காத கட்டில்களுக்கு விரிப்பு மாற்றினார். பன்னிரண்டாம் நாள் முகாமையாளரையே காணவில்லை. ஊரில் வலை இல்லை, தறை இல்லை. கண்ணாடி போட்ட வள்ளங்கள் மட்டும் கரையில் கிடந்தன. கண்ணாடி வள்ளத்தில் மீன் பார்க்கலாமே தவிர, பிடித்துப் பிள்ளைக்குக் கறி வைக்க முடியுமா?

மிஞ்சியது ஒரேயொரு காணி. அவர் மனைவி றோசலினுக்குச் சீதனமாக வந்த கிணற்றுக் காணி. அதையும் விற்றுவிடலாம் என்று பத்திநாதர் எண்பத்தொன்றில் நச்சரித்தபோது, "என்ர சீதனத்தில கை வைச்சால் நான் அம்மா வீட்டை போயிடுவன்" என்று சொல்லிவிட்டாள் அவள். அந்தப் பிடிவாதம்தான் பதினொரு வயிற்றைக் காப்பாற்றியது. கலவரத்துக்குப் பிறகு வந்த இரண்டு வருடம் அந்தக் கிணற்றடி வெங்காயமும் மிளகாயும் மரவள்ளியும்தான் வீட்டுச் சோறு. இன்றைக்கும் றோசலினின் தாயும், தம்பி ஹென்றியும், அவன் மனைவி பிள்ளைகளும் அதில்தான் சீவிக்கிறார்கள்.

ஆகவே, ஹோட்டல் மண்டபத்தில் பத்திநாதர் எண்ணுவது திறப்பையல்ல, பயத்தை. இன்றைக்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டுதான் நாளைத் தொடங்குகிறார். இது கனடா, இது பெரிய நாடு, ஒரு தொழில் படுத்தால் இன்னொன்று நிமிரும் என்று ஆயிரம் பேர் சொல்லிவிட்டார்கள். அவர் மூளைக்கு விளங்குகிறது, வயிற்றுக்கு விளங்கவில்லை.

தீவுக்காரர் யாரைக் கண்டாலும் விசாரிப்பது அவருடைய இன்னொரு குணம். பார்படோஸ் ஆளோ, திரினிடாட் ஆளோ, முதல் கேள்வி ஒன்றுதான்: உங்கள் ஊரில் வெள்ளைக்காரன் வராவிட்டால் என்ன தின்பீர்கள்? நாலாம் மாடியில் அறை துப்பரவு செய்கிற மரி ஹெயிட்டி நாட்டவள். அவளுடைய பிரெஞ்சு பாதி, இவருடைய இங்கிலிஸ் பாதி, மிச்சம் கைப்பாஷை. அவளுடைய தகப்பன் மரச்சிற்பம் செதுக்குகிறவர். கப்பலில் வருகிற அமெரிக்கருக்காக அவருடைய ஊரே சிற்பம் செதுக்கியதாம். ஒரு வருடம் பேப்பர்களில் ஏதோ ஒரு புதுத் தொற்றுநோயின் பெயரோடு அவர்கள் நாட்டின் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். அடுத்த குளிர்காலம் கப்பல் வரவில்லை.

"செதுக்கி வைத்ததெல்லாம் என்ன ஆனது?" என்று பத்திநாதர் கேட்டார்.

"அடுப்பெரித்தோம்" என்றாள் மரி. மகோகனி மரம் நன்றாக எரியும் என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தாள்.

"அதுக்கு முன்னம் அப்பா என்ன செய்தவர்?"

சோளம் போட்டவராம். காணியை விற்றுத்தான் மரம் வாங்கினாராம். பத்திநாதர் அன்றைக்குக் கொண்டுபோன சாப்பாட்டுப் பெட்டியை மூடியபடியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். எல்லாத் தீவுக்கும் ஒரே கதைதான் என்று றோசலினிடம் சொன்னார். "வாற வழியும் கடல், போற வழியும் கடல். அவை வராட்டி எங்களுக்குப் பின்னால ஒண்டுமில்லை, தண்ணிதான்."

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் இந்த எண்பத்தேழு ஆவணி முடிவில் ஹென்றியின் கசெற் வந்து சேர்ந்தது. இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகி ஒரு மாதம். கடிதத்தைவிடக் கசெற்றில் குரல் கேட்கலாமே என்று ஊரிலிருந்து எல்லோரும் கசெற்தான் அனுப்புகிறார்கள். கூடவே நாலாய் மடித்த ஒரு பத்திரம். அக்காவின் பெயரிலுள்ள கிணற்றுக் காணியை வங்கியில் ஈடு வைக்கத் தம்பிக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம். றோசலின் கையெழுத்து வைத்துச் சாட்சியோடு திருப்பி அனுப்பவேண்டியதுதான் பாக்கி.

குசினி மேசையில் வைத்து இருவரும் கேட்டார்கள். பின்னால் காகம் கரைகிற சத்தத்தோடு ஹென்றியின் குரல் துள்ளிக்கொண்டு வந்தது. "அக்கா, அத்தான், சண்டை முடிஞ்சுது. இந்தியன் ஆமி வந்திட்டுது, இனிப் பயமில்லை. பெரிய ஹோட்டலுக்குப் பெயின்ற் அடிக்கிறாங்கள். போன கிழமை கடற்கரையில ரெண்டு வெள்ளைக்காரர் நிண்டதை என்ர கண்ணால கண்டனான். வெள்ளைக்காரர் தங்க எட்டுக் கபானா வீடு கட்டப்போறன். வெங்காயப் பாத்தி எல்லாத்தையும் மட்டப்படுத்திப் புல்லுப் பதிச்சால் சோக்காயிருக்கும். மாரி முடியிறதுக்குள்ள கட்டினால் வாற வைகாசிக்கு ஆக்கள். அத்தான், நீங்கள்தானே சொன்னனீங்கள், ஒரு வெள்ளைக்காரன் ஒரு கிழமை நிண்டால் ஒரு போக வெங்காயம் எண்டு. நான் அதை மறக்கேல்லை."

பத்திநாதர் கசெற்றை எட்டி நிறுத்தினார். அவருடைய சொந்த வார்த்தை, இம்மி பிசகாமல், எட்டாயிரம் மைல் தாண்டி வந்து மேசையில் உட்கார்ந்திருந்தது.

"அந்த ரெண்டு வெள்ளைக்காரரும் கமரா வைச்சிருந்தவையோ, கொப்பி பேனை வைச்சிருந்தவையோ?" என்றார்.

"எனக்கெப்பிடித் தெரியும்?" என்றாள் றோசலின்.

"கொப்பி எண்டால் பேப்பர்காரர். அவையை நம்பிக் கபானா கட்டேலாது."

றோசலின் தையல் ஆலையில் வேலை செய்கிறவள். பேச்சில் சிக்கனம். ஆனால் தம்பி என்றால் அவளுக்கு உருகும். இருபத்தாறு வயதுப் பெடியன் எத்தனை நாளைக்கு வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு இருப்பான் என்று கேட்டாள். வேலை இல்லாத இளந்தாரிக்கு அந்த ஊரில் இயக்கத்தை விட்டால் வேறு என்ன வழி இருக்கிறது என்பதையும் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

பத்திநாதருக்கு இரண்டு பக்கமும் பயம். கையெழுத்து வைத்தால் கிணற்றடி போகும். இன்னொரு ஆடி வந்தால் மாமியும் பிள்ளைகளும் புல்லைத்தான் தின்னவேண்டும். வைக்காவிட்டால், ஒருவேளை இந்த முறை உண்மையிலேயே வெள்ளைக்காரர் வந்துவிட்டால், வெளிநாட்டில் இருந்துகொண்டு மைத்துனனின் வாழ்வைக் கெடுத்தவர் என்ற பழி. பெடியன் வெறுத்துப்போய் எங்காவது போய்விட்டால் அது பழியோடும் நிற்காது. அந்தக் கிழமை அவர் மேசைக்காரனிடம் மூன்று நாள் ஏச்சு வாங்கினார். ஒரு விரிப்பு வண்டிலைக் கொண்டுபோய்ப் பிழையான மாடியில் விட்டுவிட்டு, மின்தூக்கிக்குள்ளேயே நின்று மேலும் கீழும் போய்வந்தார் என்று மரி சொன்னாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் றோசலின் பத்திரத்தை மேசையில் விரித்தாள். பேனையை அதன் மேல் வைத்தாள். "என்னப்பா, ஒரு முடிவு சொல்லுங்கோ. அண்டைக்கு விக்கச் சொன்னதும் நீங்கள், இண்டைக்கு வேண்டாம் எண்டுறதும் நீங்கள். எனக்குச் சொல்லாட்டிலும் அவனுக்குச் சொல்லுங்கோ. அவன் பாத்துக்கொண்டிருப்பான்." சொல்லிவிட்டு வெங்காயம் வெட்டப் போய்விட்டாள்.

பத்திநாதர் கசெற்றின் மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டார். சிவப்புப் பொத்தானை அழுத்தி, மாரிக்காற்றைப் பற்றிச் சொன்னார். வங்கி வட்டியைப் பற்றிச் சொன்னார். நாடாவைப் பின்னுக்குச் சுற்றிக் கேட்டபோது, ஹோட்டல் விருந்தாளிக்கு வெந்நீர் வராத காரணத்தைச் சொல்வது போலிருந்தது. அழித்தார். இரண்டாம் முறை ஒப்பந்தம், ஆமி, அரசியல். அதையும் அழித்தார். ஹென்றி இதற்கெல்லாம் பதில் வைத்திருப்பான். ஏனென்றால் இப்படியான கேள்விகளை எண்பதில் ஊரார் கேட்டபோது பதில் சொல்லிக்கொடுத்தவரே பத்திநாதர். மூன்றாம் முறை பொத்தானில் விரலை வைத்தார். பிறகு அழுத்தினார்.

"ஹென்றி, அத்தான் கதைக்கிறன். நான் சொன்னதை நீ ஞாபகம் வைச்சிருக்கிறாய். நான் சொல்லாத ஒண்டு இருக்கு, அதையும் கேள். எண்பத்திமூண்டில, கலவரத்துக்கு முன்னம், யூலை முதல் கிழமை, ஜேர்மன் கொம்பனியில இருந்து ஹோட்டலுக்கு ஒரு தந்தி வந்தது. ஜூன் மாசத்துக் குழப்பத்தைக் கேள்விப்பட்டு, ஆவணி புரட்டாதி ரெண்டு மாசத்து ஆக்களையும் நிப்பாட்டிப்போட்டாங்கள். ஒரு குடும்பம் ரெண்டு குடும்பம் தவிர ஒருத்தரும் வரமாட்டினம். மனேச்சர் எனக்குக் காட்டினவர். வாயைத் திறக்காதை, பெடியள் ஓடிப்போடுவாங்கள் எண்டார். அது செவ்வாய்க்கிழமை."

குசினியில் கத்தி பலகையில் படுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை உங்கட அப்பா ஹோட்டல் பின்படலைக்கு வந்தவர். கரைவலையையும் தோணியையும் கேட்டுக் குச்சவெளியாள் வந்து நிக்கிறான், குடுத்துப்போட்டுக் கடற்கரையில சாப்பாட்டுக்கடை போடுவம், குடுக்கட்டோ தம்பி எண்டு கேட்டவர். நான்..."

கத்திச் சத்தம் நின்றது.

"நான் குடுங்கோ மாமா எண்டனான். தந்தியைப் பாத்த வாயால சொன்னனான். ஊரையே வித்துப்போட்டு வாங்கோ எண்டு கூப்பிட்ட ஆள் நான். அண்டைக்கு எப்பிடி இல்லை எண்டுறது? வெக்கம், ஹென்றி. வெக்கமும் பயமும். வாற கிழமை எல்லாம் சரிவரும், ஒருத்தருக்கும் தெரியவராது எண்டு நினைச்சன். மாமா பிறகு ரெண்டு வருசம் அதே வலையில, குச்சவெளியான்ர கூலிக்குக் கயிறு இழுத்தவர். நெஞ்சுநோவோட இழுத்தவர். சாகுமட்டும் என்னை ஒரு கேள்வி கேக்கேல்லை. அவருக்குத் தெரியாது. உன்ர அக்காவுக்கும் இண்டைக்கு வரைக்கும் தெரியாது."

றோசலின் குசினி வாசலில் நின்றாள். கையெல்லாம் வெங்காயத் தோல். பத்திநாதர் நிமிர்ந்து பார்த்தார். நான்கு வருடமாக அவர் பயந்துகொண்டிருந்த முகம் அதுதான். கசெற் மட்டும் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் வந்து நிறுத்துவாள், இல்லாவிட்டால் நாடாவை இழுத்து அறுப்பாள் என்று நினைத்து அவர் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

அவள் எதிர்க் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். பிறகு கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, அந்தக் கசெற் பெட்டியைப் பிடித்து, அவருடைய வாய்க்கு இன்னும் கிட்ட நகர்த்தி வைத்தாள்.